ஒரே கரையில் இரண்டு ஆலயங்கள்



கடந்த மாதம் எங்கள் சபையார் நாற்பது பேர் ஒரு நாள் பயணமாகச் சோழமண்டலக் கடற்கரைக்குச் சென்று வந்தோம். அதிகாலையில் தஞ்சையிலிருந்து புறப்பட்டு, வேளாங்கண்ணியில் தொடங்கி, நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடியை அடைந்து, இரவில் வீடு திரும்புவது திட்டம். வேளாங்கண்ணிக்கும் தரங்கம்பாடிக்கும் இடைப்பட்ட தொலைவு 50 கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அந்தச் சிறிய கரையில் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய ஐந்து ஐரோப்பிய இனத்தாரும் வந்து இறங்கி வாழ்ந்திருக்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்தின் இரண்டு பெரிய ஓடைகளும் அங்கே அடுத்தடுத்து ஓடுகின்றன.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கத்தோலிக்கர். என்னை முதலில் "ஃபாதர்" என்று அழைத்துவிட்டு, பின்பு சிரித்துக்கொண்டே "பாஸ்டர் ஐயா" என்று திருத்திக்கொண்டார். பேருந்து வேளாங்கண்ணியில் நின்றதும் எங்கள் சபையின் மூத்த மூப்பர் ஒருவர் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. "நமக்கு இங்கே என்ன வேலை, ஐயா? நேரே தரங்கம்பாடிக்குப் போயிருக்கலாமே" என்றார். நான் அவரை வற்புறுத்தவில்லை. ஆனால் அவருடைய கேள்வி அன்று முழுவதும் என்னோடு பயணம் செய்தது.

வேளாங்கண்ணியின் வரலாறு மூன்று செவிவழி மரபுகளில் தொடங்குகிறது. பால் கொண்டு சென்ற சிறுவன் ஒருவனுக்குக் குளக்கரையில் மரியாள் தோன்றித் தம் குழந்தைக்குப் பால் கேட்டார் என்பது முதலாவது. நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் எழுந்து நடந்தான் என்பது இரண்டாவது. மக்காவோவிலிருந்து இலங்கைக்குச் சென்ற போர்ச்சுகீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, செப்டம்பர் 8 ஆம் நாள் இக்கரையில் உயிர் பிழைத்து, நன்றியாக ஆலயம் எழுப்பினார்கள் என்பது மூன்றாவது. 1771-இல் இவ்வூர் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனிப் பங்காயிற்று. 1962-இல் திருத்தந்தை 23 ஆம் யோவான் இவ்வாலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

இந்த மரபுகளில் ஒரு செய்தியை நான் கவனித்தேன். தரிசனம் பெற்றதாகச் சொல்லப்படுகிறவர்கள் குருக்களும் அல்லர், தளபதிகளும் அல்லர். ஒருவன் பால்காரச் சிறுவன், மற்றவன் மோர் விற்ற ஏழைப் பிள்ளை. மூன்றாமவர்கள் அந்நியர், அவர்களும் அதிகாரிகளாக அல்ல, கரை தேடித் தவித்தவர்களாகவே வருகிறார்கள். தாழ்மையுள்ளவர்களைக் கர்த்தர் உயர்த்துகிறார் என்று லூக்கா முதல் அதிகாரத்தில் பாடிய மரியாளின் பெயரால் நிற்கும் ஓர் ஊருக்கு இது பொருத்தமே.

நம் சபையார் என்னிடம் கேட்டபோது நான் மறைக்காமல் சொன்னேன்: நாம் மரியாளை நோக்கி ஜெபிப்பதில்லை, மத்தியஸ்தர் ஒருவரே என்று விசுவாசிக்கிறோம். ஆனால் எல்லாச் சந்ததியாரும் தம்மைப் பாக்கியவதி என்பார்கள் என்று அந்தத் தாய் சொன்னதும் நம் வேதாகமத்தில்தான் இருக்கிறது. கானாவூர்க் கலியாணத்தில் வேலைக்காரரிடம் அவர் சொன்ன அறிவுரையும், தம் மகன் சொல்வதைச் செய்யுங்கள் என்பதே. மணற்பாதையில் முழங்காலால் நடந்து சென்ற ஒரு தாயை நாங்கள் கண்டோம். அவருடைய முறை நம்முடையதன்று. ஆனால் அவருடைய கண்ணீரை ஆராய்வதற்கு நமக்கு அதிகாரம் இல்லை.

கடற்கரைக்கு வந்ததும் வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் ஊர் நிரம்பியிருந்தது. காலைத் திருப்பலி முடித்துக் கடலில் கால் நனைக்க வந்தவர்களை ஆழிப்பேரலை அள்ளிச் சென்றது. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடையாளம் காணப்படாதவர்கள் பெருங்குழிகளில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டார்கள். "எங்க அக்கா மகனும் அதுல ஒருத்தன், ஐயா. குழிக்குள்ள யாரு கத்தோலிக்கரு, யாரு சி.எஸ்.ஐ., யாரு இந்துன்னு யாரும் கேக்கல. கேக்கவும் நேரமில்ல" என்றார்.

அலை ஆலயத்துக்குள் நுழையவில்லை என்பதை அற்புதமாகச் சொல்கிறவர்கள் பலர். அந்த விசுவாசத்தை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் ஒரு போதகனாக நான் அஞ்சுவது வேறொன்று. தப்பியவர்களைத் தேவன் நேசித்தார் என்று சொல்லி நிறுத்தினால், கரையில் மாண்ட யாத்திரிகரைப் பற்றி என்ன சொல்கிறோம்? அவர்களும் ஜெபித்துவிட்டுத்தானே வந்தார்கள்! சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று நம் ஆண்டவர் கேட்டு, அல்ல என்று அவரே விடையளித்தார். பேரழிவைக் கணக்குப் புத்தகமாக்கி, பிழைத்தவனுக்கு வரவும் மாண்டவனுக்குப் பற்றும் எழுதுகிற உரிமையை அவர் நமக்குத் தரவில்லை.

அங்கிருந்து நாகப்பட்டினம். இந்நகர் கிறிஸ்தவத்துக்கு நெடுங்காலம் முந்தியது. முதலாம் இராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் இங்கே சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளியை எழுப்பினான். சைவனாகிய இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையளித்தான். லெய்டன் செப்பேடுகள் இதற்குச் சான்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரும், 1658-இல் டச்சுக்காரரும், 1781-இல் ஆங்கிலேயரும் இந்நகரைக் கைக்கொண்டார்கள். இத்தனை மாற்றங்களுக்கும் தப்பி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று, 1867-இல் இயேசு சபைக் குருக்கள் தங்கள் கல்லூரிக் கட்டடத்துக்காக, அரசின் அனுமதியோடு இடிக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாக மாலுமிகளுக்குக் கரை காட்டிய கோபுரத்தைக் கிறிஸ்தவக் கைகள் இறக்கிவிட்டன. இதைச் சொன்னவர் எங்கள் கத்தோலிக்க வழிகாட்டியே. தம் சபையின் தவற்றைப் பிறர் முன் மறைக்காமல் சொன்ன அவருடைய நேர்மை என்னைத் தொட்டது. அதே நேர்மை என்னிடம் இருக்கிறதா என்பது மாலையில் தெரியவிருந்தது.

நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் தர்காவைக் கண்டோம். அதன் ஐந்து மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, 1954-இல் இந்தியாவோடு சேர்ந்த காரைக்காலில் மதிய உணவை முடித்துக்கொண்டு தரங்கம்பாடிக்குச் சென்றோம்.

தரங்கம்பாடியில் எங்கள் சபையாரின் முகங்கள் மலர்ந்தன. இது நம் ஊர் என்னும் பெருமிதம்! 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனியர் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706 ஜூலை 9 ஆம் நாள், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றிக் புளூட்சோவும் இக்கரையில் இறங்கினார்கள். சீகன்பால்கு ஐயர் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708-இன் இறுதியில் அவரைக் கைது செய்து நான்கு மாதங்கள் கோட்டையில் அடைத்து வைத்தவர் ஒரு புறமதத்தவர் அல்லர், டேனிஷ் ஆளுநரே. இலண்டனிலிருந்த ஆங்கிலிக்கச் சங்கம் அச்சுப்பொறி அனுப்பியது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1719-இல், 36 வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் உடல் துயில்கிறது.

அந்த ஆலயத்தில் அமர்ந்து, காலையில் மூப்பர் கேட்ட கேள்விக்கு வரலாறு தரும் விடையைச் சொன்னேன். தமிழில் முதலில் அச்சேறிய கிறிஸ்தவ நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கம், 1578-இல் கொல்லத்தில் கத்தோலிக்கக் குரு அன்றீக் அடிகளாரால் வெளியிடப்பட்டது. சீகன்பால்கு பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முந்திய செய்தி இது. அவர் தமிழ் கற்றபோது கத்தோலிக்கரின் தமிழ் ஏடுகளையும் சேகரித்துப் படித்தார். தேவனைக் குறிக்க அவர் எடுத்தாண்ட சருவேசுரன் என்னும் சொல்லே கத்தோலிக்கரிடமிருந்து வந்ததுதான். பராபரன், தேவன் என்ற சொற்களெல்லாம் நம் மொழிபெயர்ப்புகளில் பிற்பாடு நிலைபெற்றவை. ஆகவே தரங்கம்பாடியில் எழுந்த முதல் லுத்தரன் தமிழ் ஜெபம், கத்தோலிக்கர் உழுது வைத்த நிலத்திலே விதைக்கப்பட்டது.

ஆனால் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் சகோதரராக வாழவில்லை. வீரமாமுனிவர் லுத்தரன்களைக் கண்டித்து வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என நூல்கள் எழுதினார். தரங்கம்பாடித் தரப்பும் சளைக்கவில்லை. இருவர் எழுத்தாலும் தமிழ் உரைநடை வளர்ந்தது. அன்பு வளர்ந்ததா என்று வரலாற்றைக் கேட்டால் அது தலைகுனிகிறது.

இந்தப் போராட்டத்தின் நடுவே நின்ற ஒரு மனிதரை நாம் மறந்துவிட்டோம். அவர் பெயர் இராஜநாயக்கன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷத்தை வாசித்து, அதனால் ஈர்க்கப்பட்டு, மிஷனில் சேர்ந்தார். எதிர்ப்புகளைத் தாங்கித் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தார். 1733-இல் ஆரோன் முதல் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். 1741-இல் அடுத்தவரைத் தெரிந்தெடுக்கும்போது இராஜநாயக்கனின் பெயரும் ஆலோசிக்கப்பட்டது. ஆனால் அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்தைப் பெறமாட்டார்கள் என்று மிஷனெரிகள் அஞ்சினார்கள். தியோகு என்பவர் அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே தொடர்ந்தார். எருசலேம் ஆலயத்திலும் சாதிக்கொரு பக்கமாக இருக்கைகள் பிரிக்கப்பட்டிருந்தன.

நான் சொல்லி முடித்தபோது, எங்கள் ஆலயத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற அம்மா பின்வரிசையிலிருந்து கேட்டார்: "இப்ப மட்டும் என்ன மாறிடுச்சு, ஐயா?"

ஆலயத்தில் யாரும் அசையவில்லை. அப்போதுதான், காலையில் தம் சபையின் தவற்றைச் சொன்ன அந்த வழிகாட்டியை நினைத்தேன். நானும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. நான் முதன்முதல் ஊழியம் செய்த ஊரில் சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல்கள். எந்த வாசல் யாருக்கு என்று எழுதி வைத்திருக்கவில்லை; எழுதத் தேவையும் இல்லை. நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தேன். இரண்டு வாசல்கள் வழியாகவும் பெட்டிகளுக்கு முன்னால் நடந்தேன். உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கித்தேன். அந்த வாசல்களைப் பற்றி ஒருமுறையும் பேசவில்லை. சமாதானம் காக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தரங்கம்பாடி மிஷனெரிகளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கிறிஸ்து நடுச்சுவரைத் தகர்த்து இரு திறத்தாரையும் ஒன்றாக்கினார் என்று எபேசியர் இரண்டாம் அதிகாரம் போதிக்கிறது. நாமோ அந்தச் சுவரின் கற்களைப் பொறுக்கி வந்து ஆலயத்துக்குள்ளே மறுபடியும் அடுக்கினோம். கத்தோலிக்கரோடு நமக்குள்ள உபதேச வேறுபாடுகள் உண்மையானவை. அவற்றை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் அவர்களும் நாமும் ஒருமனப்பட்டுச் செய்த பாவம் ஒன்று உண்டென்றால், அது இதுவே. ஒருவரையொருவர் திருத்த நூல்கள் எழுதியவர்கள், இந்த ஒரு காரியத்தில் ஒருவரையொருவர் பின்பற்றினார்கள்.

மாலையில் கடற்கரைக்கு வந்தோம். பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. 1707-இல் சீகன்பால்கு முதலில் கட்டிய எருசலேம் ஆலயமும் இன்று இல்லை. அருகில் டேனியர் கோட்டை நிற்கிறது. அதை அவர்கள் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றார்கள். கற்களில் எழுதிய உரிமை எதுவும் இக்கரையில் நிலைக்கவில்லை.

புறப்படுமுன் ஜெபிக்கும்படி நான் மூப்பரைக் கேட்டுக்கொண்டேன். அவர் உடனே தொடங்கவில்லை. வழிகாட்டியின் அருகே சென்று, "உங்க அக்கா மகன் பேரு என்ன, தம்பி?" என்று கேட்டார். பெயரைக் கேட்டுக்கொண்டு, அந்தத் தாய்க்கும் குடும்பத்துக்கும் ஆறுதல் வேண்டி ஜெபித்தார். ஜெபத்தை முடித்ததும் வழிகாட்டி நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். மூப்பர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தோளில் கை வைத்தார்.

அந்த அம்மாவின் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை சொல்லப்படவில்லை. எங்கள் சபையில் திருவிருந்துக்கு முதலில் எழுந்து வருகிறவர்கள் யார், கடைசிவரை காத்திருக்கிறவர்கள் யார் என்பதை அடுத்த சபைக் கமிட்டியில் பேசுவதாக அவருக்கு வாக்களித்திருக்கிறேன். இதை இங்கே எழுதி வைப்பது, நான் பின்வாங்காமல் இருப்பதற்காகவே.

பிரியமானவர்களே, இந்த வாரம் யோவான் 17 ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். தம்மை விசுவாசிக்கிறவர்கள் ஒன்றாயிருக்கும்படி ஆண்டவர் பிதாவிடம் வேண்டிக்கொண்டது சிலுவைக்கு முந்திய இரவில். வாசித்தபின் உங்கள் சபையின் வாசல்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் முன்னோரின் விசுவாசத்துக்காக உம்மைத் துதிக்கிறோம், அவர்கள் எழுப்பிய சுவர்களுக்காக உம்மிடம் மன்னிப்பு வேண்டுகிறோம். கடற்கரையில் பிரியமானவர்களை இழந்தோரைத் தேற்றும். நாங்கள் பேசாமல் விட்டதைப் பேச எங்களுக்குத் தைரியம் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.