என்ன படிச்சா வேலை கிடைக்கும்? - ஒரு கேள்வியின் வரலாறு

1873-ம் வருஷம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு பையன் வெளியே வருகிறான். வயது 18. அந்தக் காலத்து அமெரிக்காவில் ரயில்வேதான் எல்லாம். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு ஆயிரக்கணக்கான மைலுக்குத் தண்டவாளம் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நம்மூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எப்படியோ, அன்றைக்கு அங்கே ரயில்வே இன்ஜினியர் அப்படி. பையனும் ஒரு ரயில்வே கம்பெனியில் சேர்ந்தான்.

அதே செப்டம்பரில் ரயில்வேக்குப் பணம் திரட்டிக் கொடுத்த ஜே குக் என்கிற பெரிய வங்கி திவாலானது. அதோடு சேர்ந்து பல ரயில்வே கம்பெனிகளும் மூழ்கின. பையனுக்கு வேலை போச்சு! இரும்பாலையில் கூலி வேலை பார்த்தான். அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார், அப்புறம் வக்கீல், சட்டப் புத்தகம் எழுதுகிறவர், கல்லூரிப் பேராசிரியர். 1895-ல் பாஸ்டன் நகர மேயர் தேர்தலில் கூட நின்று தோற்றார். அவர் பெயர் ஃபிராங்க் பார்சன்ஸ். உலகத்தில் "கேரியர் கவுன்சலிங்" என்று இன்று எங்கே யார் போர்டு மாட்டினாலும், அதற்கு மூலவர் இவர்தான்.

வளர்ந்துகொண்டிருந்த துறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, அதனாலேயே தெருவுக்கு வந்த ஒருவர்தான் பிற்காலத்தில் மற்றவர்களுக்குத் துறை தேர்ந்தெடுக்க வழி சொன்னார் என்பது யோசிக்க வைக்கிற விஷயம்.

பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதி அப்போது இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே சிவிக் சர்வீஸ் ஹவுஸ் என்று ஒரு சமூக நிலையம். பாலின் அகாசி ஷா என்ற பணக்காரப் பெண்மணி செலவை ஏற்றுக்கொண்டார். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் படிக்க 1905-ல் அங்கே ஒரு வகுப்பு ஆரம்பித்தார் பார்சன்ஸ். அப்போது அவர் ஒன்றைக் கவனித்தார். வீடு வாங்க, பணம் போட என்று எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகிற வேலையை மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான், மாமா சொன்னார் என்று தேர்ந்தெடுக்கிறார்கள்! (இந்த வரியைப் படிக்கும்போது சிரிப்பு வந்தால், நூறு வருஷத்தில் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம்.)

1908 ஜனவரியில் "வொகேஷன் பீரோ" திறந்தது. இது வேலை வாங்கித் தருகிற இடம் அல்ல. வேலையைத் தேர்ந்தெடுக்கக் கற்றுத் தருகிற இடம். முதல் சில மாதங்களில் சுமார் 80 பேர் வந்தார்கள். பதினைந்து வயதுப் பையன் முதல் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் வரை! மே மாதம் பார்சன்ஸ் எழுதிய அறிக்கையில்தான் "தொழில் வழிகாட்டல்" என்ற சொல்லே அச்சில் முதன்முதலாக வருகிறது என்பார்கள்.

அவருடைய முறை மிக எளிமையானது. முதலில் உன்னைத் தெரிந்துகொள்: உன் ஆசை, திறமை, பலவீனம், கையில் இருக்கிற பணம். அடுத்து வேலையைத் தெரிந்துகொள்: என்ன தேவை, என்ன சம்பளம், எங்கே வாய்ப்பு. கடைசியாக இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசி. முடிவு உன்னுடையது. ஆலோசகர் முடிவு சொல்லக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்து, வீட்டில் உட்கார்ந்து எழுதி வரச் சொல்வார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எந்தத் தொழில் எந்த மாகாணத்தில் அதிகம் என்று அட்டவணை போட்டிருந்தார். பெண்கள் செய்யக்கூடிய தொழில்களுக்கு ஒரு நீண்ட பட்டியலும் இருந்தது.

டாக்டர் ஆக வேண்டும் என்று வந்த 19 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒடிசலான உடம்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியும் முகத்தில் ஒரு சிரிப்பு கிடையாது, கை குலுக்கினால் உயிரில்லை. ஞாபக சக்தியும் சுமார். டாக்டருக்கு என்னென்ன தேவை என்று பார்சன்ஸ் அடுக்கினார். "உனக்கு வராது" என்று நேரடியாகச் சொல்லவில்லை. மருத்துவமனைகளைப் பார், டாக்டர்களிடம் பேசு, கூடவே வெட்டவெளியில் உடம்பு தேறுகிற மாதிரி வேலைகளையும் யோசித்துப் பார் என்றார்.

பார்சன்ஸைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே எதிரில் இருப்பவரின் மண்டை வடிவத்தையும் கவனித்துக் குறித்துக்கொள்வார்! காதுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றெல்லாம். அந்தக் காலத்து நம்பிக்கை. கிட்டத்தட்ட ஜாதகம் பார்க்கிற கதைதான்.

1908 செப்டம்பரில் பார்சன்ஸ் இறந்துவிட்டார். அவருடைய புத்தகம் அடுத்த வருஷம்தான் வெளிவந்தது. வேலையை மேயர் புளூம்ஃபீல்டு (மேயர் என்பது பதவி இல்லை, பெயரே அதுதான்) தொடர்ந்து நடத்தினார். சில வருஷங்களில் பாஸ்டன் பள்ளிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வழிகாட்டிகளாக நியமிக்கப்பட்டார்கள். 1913-ல் தேசிய அளவில் சங்கமே வந்துவிட்டது.

இந்தியாவுக்கு இது வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். கல்கத்தாவிலும் பம்பாயிலும் சில முயற்சிகளுக்குப் பிறகு, பெரிய அளவில் பேசியவர் ஒரு தமிழர். டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவர். 1942 முதல் 1969 வரை, அதாவது 27 வருஷம், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1952-ல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு இவர்தான் தலைவர். உயர்நிலைப்பள்ளி என்பது கல்லூரிக்குப் போகிற ஒற்றையடிப் பாதையாகவே இருக்கிறது, அந்தப் பாதையில் போகாத பிள்ளைக்கு எதுவுமே இல்லை என்பது குழுவின் கவலை. ஒரே பள்ளியில் தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்று பல பிரிவுகள் கொண்ட பலநோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றார்கள். அதோடு பள்ளிகளில் வழிகாட்டும் அதிகாரிகளும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வேண்டும், தொழிற்சாலைகளில் வேலை எப்படி நடக்கிறது என்று படம் போட்டுக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். 1953-லேயே!

பலநோக்குப் பள்ளிகள் ஆரம்பித்தார்கள். கருவி இல்லை, ஆசிரியர் இல்லை, மெதுவாகத் தேய்ந்து போயின. வேலைவாய்ப்பு அலுவலகங்களில் வழிகாட்டல் பிரிவு வந்தது. தமிழ்நாட்டில் அந்த அலுவலகப் போர்டில் "தொழில்நெறி வழிகாட்டும் மையம்" என்றும் எழுதியிருக்கும். ஆனால் பத்தாவது முடித்ததும் பதிவு அட்டை வாங்கப் போன லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அந்த வார்த்தையைப் படித்தார்கள்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அரசாங்கமே கணக்குப் போட்டாலும் தப்பும். மூன்றாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் கனரகத் தொழில்கள் பெருகும் என்று நம்பிப் பொறியியல் இடங்களைக் கூட்டினார்கள். அறுபதுகளின் மத்தியில் தொழில்துறை சரிந்தது. படித்து வெளியே வந்த இன்ஜினியர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். 1968-ல் சேர்க்கையையே குறைக்க வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி? நம்மூர்த் தக்காளி விவசாயிக்குத் தெரிந்த விஷயம்தான். இந்த வருஷம் விலை ஏறினால் எல்லோரும் தக்காளி போடுவார்கள், அறுவடை வரும்போது கிலோ ரெண்டு ரூபாய்க்குக் கேட்க ஆளிருக்காது. கடுப்பாகி அடுத்த முறை யாரும் போடமாட்டார்கள், மறுபடி விலை ஏறும். பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்திவலை மாதிரி என்று பெயர். ரிச்சர்ட் ஃப்ரீமேன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1976-ல் இது இன்ஜினியர்களுக்கும் பொருந்தும் என்று காட்டினார். சம்பளம் ஏறினால் சேர்க்கை ஏறும். நாலு வருஷம் கழித்து எல்லோரும் ஒன்றாக வெளியே வருவார்கள், சம்பளம் இறங்கும், சேர்க்கை குறையும், பிறகு தட்டுப்பாடு. தக்காளிக்கு மூணு மாசம், இன்ஜினியருக்கு நாலு வருஷம். அவ்வளவுதான் வித்தியாசம். தக்காளியைத் தெருவில் கொட்டலாம். கல்விக்கடனை எங்கே கொட்டுவது?

தமிழ்நாட்டில் 1984-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்த பிறகு இந்த வலை பெரிதானது. பிற்காலத்தில் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. 2001-ல் அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்ததும் கம்ப்யூட்டர் வேண்டாம் என்றார்கள். சில வருஷத்தில் ஐ.டி. நிமிர்ந்ததும் ஓடி வந்தார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு மெக்கானிக்கல், சிவில் என்றார்கள். அடுத்த பத்தாண்டின் பிற்பகுதியில் அந்த இடங்கள் காலியாகி, இப்போது மறுபடி கம்ப்யூட்டர், கூடவே செயற்கை நுண்ணறிவு. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு முளைத்து மூடிய கதையும் இதே கதைதான்.

2022 மார்ச் 1-ம் தேதி தமிழக அரசு "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று சொல்லித் தருவதும், கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருவதும் நோக்கம். முதலியார் குழு கேட்டதில் ஒரு பகுதி சுமார் எழுபது வருஷம் கழித்துக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

1997-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு ஆரம்பித்தபோது, ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்த அப்பாவும் பிள்ளையும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நினைத்து வந்த கல்லூரியில் இடம் தீர்ந்துவிடும். பெயர் கூப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் சில நிமிஷத்தில் முடிவு சொல்ல வேண்டும். 2018-லிருந்து கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போய்விட்டது. இப்போது யோசிக்க நாள் கணக்கில் நேரம் இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு உதவி மையங்களும் இருக்கின்றன. ஆனாலும் சின்ன ஊர்களில் பல பிள்ளைகள் பிரவுசிங் சென்டருக்குத்தான் போகிறார்கள். பட்டியலில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எந்தப் பாடத்தை இரண்டாவதாகப் போடுவது என்று பிள்ளை தயங்கும்போது, "இதைப் போடு தம்பி, இதுக்குத்தான் இப்ப டிமாண்டு" என்று சென்டர் அண்ணன் சொல்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.