மூன்று வாரமும் ஐந்து நிமிடமும்

ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டவர் எத்தனை நாள் கழித்துக் களம் திரும்பலாம் என்ற கேள்விக்கு மருத்துவம் ஒரு விடையும் போட்டி அட்டவணை வேறொரு விடையும் சொல்லிவந்திருக்கின்றன. கடந்த அரை நூற்றாண்டு விதிகளின் வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியே. மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதால் நினைவும் நிதானமும் பார்வையும் சிறிது நேரம் தடுமாறும் நிலைக்கு மூளை அதிர்ச்சி என்று பெயர். அதற்கு ஆளானவர் மூன்று வாரம் ஆடக்கூடாது என்று 1970களின் பிற்பகுதியில் சர்வதேச ரக்பி வாரியம் விதித்தது. வேறு தொழில் பார்த்துக்கொண்டு ஓய்வு நாளில் களமிறங்கியவர்களே அன்று ஆடினர் என்பதால், அந்த ஓய்வு எவருடைய பிழைப்பையும் பெரிதாகத் தொடவில்லை.

1995 ஆகஸ்டில் ஊதியத் தடை நீங்கியதும் நிலைமை மாறியது. ஆட்டக்காரர்களின் உடற்கட்டும் வேகமும் கூடின. பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் ‘டாக்கிள்’ மோதல்கள் கடுமையாயின. மூன்று வாரம் ஒதுங்கினால் அணியில் இடமே பறிபோகலாம் என்ற அச்சமும் சேர்ந்தது. விதி கடுமையாக இருப்பதாலேயே வீரர்கள் காயத்தை மறைக்கிறார்கள் என்ற வாதம் பொருளற்றதன்று. ஆயினும் 2011இல் கட்டாய ஓய்வை நீக்கி, அறிகுறிகள் அடங்கியபின் படிப்படியாகத் திரும்பும் முறையைக் கொண்டுவந்தபோது, ஒரே வாரத்தில் அடுத்த போட்டிக்குத் திரும்பவும் வழி பிறந்தது. அதே ஆண்டில்தான் வட அயர்லாந்தில், தலையில் அடிபட்ட பின்னும் தொடர்ந்து ஆடிய 14 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். முதல் அதிர்ச்சி ஆறுமுன் மறுபடி அடிபட்டு மூளை வீங்கும் ‘இரண்டாம் தாக்க’ நிலையே காரணம் என்று 2013இல் மரண விசாரணை கண்டது.

இதற்கிடையே 2012இல், மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என்று ஐயப்படும் வீரரை வெளியே அழைத்து ஐந்து நிமிடத்தில் சோதிக்கும் ஏற்பாடு சோதனை முறையில் வந்தது. வாரியத்தின் மருத்துவக் குழுவிலிருந்த, அயர்லாந்து அணிக்கு ஆடிய மருத்துவர் பாரி ஓ’டிரிஸ்கால் இதை எதிர்த்துப் பதவி விலகினார். மறு ஆண்டு சிட்னியில் நடந்த டெஸ்டில், தலையோடு தலை மோதித் தள்ளாடியபடி வெளியேறிய ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஸ்மித் சில நிமிடங்களில் மீண்டும் களமிறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஓ’டிரிஸ்கால் ஏன் எதிர்த்தார் என்பது விளங்கியிருக்கும். பின்னர் சோதனை நேரம் பத்து நிமிடமானது. அதுவும் சிறு திருத்தமே.

2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சன், இளவயதிலேயே மறதிநோய்க்கு ஆளாகி, அந்த வெற்றியே நினைவில் இல்லை என்று 2020 டிசம்பரில் வெளிப்படுத்தியதுடன், சக வீரர்களோடு ரக்பி ஆட்சியமைப்புகள்மீது சட்ட நடவடிக்கையிலும் இறங்கினார். அதன்பின் விதிகள் விரைந்து மாறின. 2022 முதல், மூளை அதிர்ச்சி உறுதியான தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் குறைந்தது 12 நாள் ஒதுங்க வேண்டியதாயிற்று. பொழுதுபோக்காக ஆடுவோர் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பலாகாது என்று 2023இல் பிரிட்டனின் வழிகாட்டுதல் கூறியது. தொழில்முறை வீரருக்கு அருகிலேயே வல்லுநர் இருப்பதால் அவர் முன்கூட்டித் திரும்பலாம் என்பது இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் மற்றவர்களைவிட அதிகமாகவும் கடுமையாகவும் மோதுபவர் அவரே என்பதற்கு அதில் விடை இல்லை.