இன்னொரு நடை: கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பில் பெண்கள் நழுவும் இடம்

நீர்த்த வினிகர் போன்ற அசிட்டிக் அமிலத்தில் பஞ்சை நனைத்துக் கருப்பைவாயின் மேல் ஒற்றிவிட்டு, செவிலியர் ஒரு நிமிடம் காத்திருக்கிறார். இயல்பான திசு இளஞ்சிவப்பாகவே இருக்கும். முன்புற்று நிலைக்குப் போன இடம் வெளுத்து, விளிம்பு தெளிந்த திட்டாகத் தெரியும். இந்தச் சோதனைக்கு மயக்க மருந்து வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம், நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் இருந்தால் போதும். ஆனாலும் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022இல் இந்தியாவில் இந்நோயால் ஏறத்தாழ 80,000 பெண்கள் இறந்தனர்.

விழிப்புணர்வு இல்லை, கூச்சம் அதிகம் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பொய்யல்ல. ஆனால், முழுப் பழியையும் பெண்ணின் தலையில் கட்டும் விளக்கம் அது. திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்த சான்று வேறு இடத்தைச் சுட்டுகிறது.

அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவமனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வில் சோதனைக்கு உரியவர்கள் 49,311 பெண்கள். 2000-03இல் அவர்களில் 31,343 பேர் வந்தனர். அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. வந்தவர்கள் கிராமத்துப் பெண்கள். 3,088 பேருக்குச் சந்தேகத்துக்குரிய வெண்மை தெரிந்தது. அவர்களில் 3,052 பேருக்கு அடுத்த கட்டமான உருப்பெருக்கிப் பரிசோதனை நடந்துவிட்டது. நூற்றுக்கு ஒருவரே நழுவினார். காரணம் எளிது: அந்தப் பரிசோதனையும், பொருத்தமானவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் அதே வருகையில், செவிலியர் கையாலேயே நடந்தன. 2006 வரை தொடர்ந்து பார்த்தபோது, சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது.

வழக்கமான மருத்துவ வசதியோடு விடப்பட்ட ஒப்பீட்டுக் குழுவில் 30,958 பெண்கள் இருந்தனர். அவர்களில் 92 பேர் இந்நோயால் இறந்தார்கள். இந்த அறிவுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு இந்தச் சதவீதங்களை மேற்கோள் காட்டுவது முறையல்ல.

எதிர்ச்சான்றும் உண்டு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1.3 லட்சம் பெண்களிடையே நடந்து 2009இல் வெளியான ஆய்வில், அமிலச் சோதனை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. இந்நோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸைத் தேடும் சோதனையோ, ஒரே முறை செய்ததிலேயே இறப்பை ஏறத்தாழ பாதியாக்கியது. ஆனால் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில் பத்தாம் வகுப்பு படித்த பெண்களே பயிற்சி பெற்று அமிலச் சோதனை செய்தனர். இறப்பு 31 சதவீதம் குறைந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கண்ணை நம்பிய சோதனை கண்ணின் தரத்தைப் பொறுத்தே பலன் தரும் என்ற முடிவுக்கு வரலாம். அப்படியானால் ஹெச்பிவி சோதனைக்கு மாறுவதே சரி. உலக சுகாதார அமைப்பும் அதையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. பெண் தானே மறைவில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்பதால் கூச்சத்துக்கும் அதில் பாதி விடை கிடைக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மாதிரி ஆய்வகத்துக்குப் போனால் முடிவு வர நாளாகும். "இன்னொரு நடை வாங்கம்மா" என்ற சொல் திரும்பி வந்துவிடுகிறது. உடம்பில் ஒரு வலியும் இல்லாத பெண்ணுக்கு அந்த நடை ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், வீட்டில் சொல்ல வேண்டிய ஒரு காரணம். முடிவைத் தொலைபேசியில் சொல்லலாம் என்றால், அதே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் நாட்டில் 54 சதவீதம்தான். அந்தரங்கமான ஒரு மருத்துவ முடிவு கணவரின் எண்ணுக்கோ மகனின் எண்ணுக்கோ போகும். எனவே, சிறந்த சோதனையை வாங்கி, அதை இரண்டு நடைகளாகப் பிரித்தால், திண்டுக்கல்லில் கிடைத்த பலனையே இழக்க நேரிடலாம்.

இதைத் தவிர்க்கக் கருவிகள் இருக்கின்றன. காசநோய்க்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரம் ஹெச்பிவி முடிவை ஒரு மணி நேர அளவில் தரும். உறைய வைக்கும் சிகிச்சைக்குக் கனமான வாயு உருளையைச் சுமந்து திரிய வேண்டும். மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம் உறைய வைக்க வேண்டும். 2019இல் உலக சுகாதார அமைப்பு ஏற்ற வெப்பச் சிகிச்சையோ மின்கலத்தில் இயங்கும் கைக்கருவியால் அரை நிமிட அளவில் முடிந்துவிடும். எல்லோருக்கும் இது பொருந்தாது. புற்று ஏற்கெனவே வந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆனால் முன்புற்று நிலை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்பதால், அன்றைக்கே சிகிச்சை முடியக்கூடியவர்கள்தான் மிகுதி.

சிறுமிகளுக்கான ஹெச்பிவி தடுப்பூசி அவசியம். 2023இல் இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் சந்தைக்கு வந்ததும் நல்ல செய்தி. ஆனால் இன்று நாற்பது வயதில் இருப்பவரை அந்த ஊசி காப்பாற்றாது. அவருக்குச் சோதனை ஒன்றே வழி. அதனால் சுகாதார நிலையப் பதிவேட்டில் "சோதிக்கப்பட்டோர்" என்ற கட்டத்தை விட "அன்றே சிகிச்சை பெற்றோர்" என்ற கட்டமே ஒரு திட்டத்தின் அளவுகோலாக வேண்டும். அத்தனை ஒழுங்காக நடந்த திண்டுக்கல் ஆய்வில்கூட, முன்புற்று நிலை கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதமே. மீதி ஏறத்தாழ 520 பெண்கள் அந்தப் பட்டியலில் இருந்தும் சிகிச்சை பெறாமல் விடுபட்டவர்கள்.