டெஸ்லா சுருளில் பொறி ஏன் சிறுக்கிறது?

வீட்டில் கட்டிய டெஸ்லா சுருளில் விரல் நீளப் பொறிகூட எழாதபோது, கட்டியவரின் சந்தேகம் முதலில் மின்னழுத்தத்தின் மேல்தான் விழுகிறது. பெரிய மின்மாற்றியைத் தேடுவார், அல்லது துணைச் சுருளில் இன்னும் சில நூறு சுற்றுகளைச் சேர்ப்பார். சாதாரண மின்மாற்றியில் சுற்றுகளின் விகிதமே அழுத்தத்தைத் தீர்மானிப்பதால் வந்த பழக்கம் இது. ஆனால் இந்தக் கருவி பிறந்ததே வேறொரு கொள்கையில். இதன் பொறி வலுத்த வரலாறு, பெரும்பாலும் இரு சுருள்களும் ஒரே அதிர்வெண்ணில் சுருதி சேர்ந்த வரலாறும் இழப்பு குறைந்த வரலாறும்தான்.

1889இல் ஆலிவர் லாட்ஜ், லெய்டன் ஜாடிகள் என்ற பழைய மின்தேக்கிகள் இரண்டைத் தள்ளித்தள்ளி வைத்தார். ஒன்றில் பொறி பறந்தபோது, ஜாடியோடு இணைத்த கம்பி வளையத்தின் அளவு சரியாகப் பொருந்திய நிலையில் மட்டும் மற்றதிலும் பொறி பறந்தது. அளவைச் சற்று மாற்றியதும் நின்றுபோனது. 1891இல் நிகோலா டெஸ்லா தம் சுருளுக்குக் காப்புரிமை பெற்றார். 1904இல் பால் ட்ரூட் இணைந்து அதிரும் இரு மின்சுற்றுகளின் கணக்கை விரிவாக ஆராய்ந்தார். அழுத்தத்தின் உச்ச வரம்பை ஆற்றல் கணக்கே சொல்லிவிடும். முதன்மை மின்தேக்கி 10 நானோஃபாரட், துணைச் சுருளும் உச்சிக் கோளமும் சேர்ந்து 25 பிக்கோஃபாரட் என்று கொள்வோம். விகிதம் 400; அழுத்தம் அதன் வர்க்கமூலமான 20 மடங்குக்கு மேல் உயராது. இழப்பே இல்லாவிட்டாலும் முதன்மையின் 20,000 வோல்ட் 4 லட்சத்தைத் தாண்டாது. இந்தக் கணக்கில் சுற்றுகளின் விகிதத்துக்கு நேரடி இடமில்லை. சுற்றுகளைக் கூட்டினால் துணைச் சுருளின் அதிர்வெண் இறங்கும். முதன்மைச் சுருளின் இணைப்பை அதற்கேற்ப நகர்த்தாவிட்டால் இருந்த பொறியும் சிறுத்துப்போகும்.

டெஸ்லா 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிரம்மாண்டமான பொறிகளை எழுப்பியது பெரும் மின்சாரத்தால்தானே என்று கேட்கலாம். மின்சாரம் தாராளமாகக் கிடைத்தது உண்மை. ஆனால் அவருடைய அன்றாடக் குறிப்புகளில் பக்கம் பக்கமாக நிறைந்திருப்பவை சுருள்களின் அளவு, மின்தேக்கம், அதிர்வெண் பற்றிய கணக்குகளே. உப்புநீர் நிரப்பிய புட்டிகளை மின்தேக்கிகளாக வைத்து, அவற்றின் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தார். வறண்ட மண்ணில் எர்த் இணைப்பு நிலைக்க, புதைத்த தகட்டின் மேல் தண்ணீர் பாயவிட்டார். இன்று பலர் அசட்டை செய்யும் எர்த்துக்கு அவர் இவ்வளவு பாடுபட்டார்.

முதன்மைச் சுற்றில் சுவிட்சாக வேலை செய்யும் பொறி இடைவெளியின் கதையும் இதையே சொல்கிறது. இடைவெளி சூடேறி மின்வில்லாக எரிந்துகொண்டே இருந்தால், துணைச் சுருளுக்குப் போன ஆற்றல் மீண்டும் முதன்மைக்கே திரும்பி வெப்பமாக வீணாகிறது. டெஸ்லா காந்தத்தாலும் காற்றாலும் சுழலும் சக்கரத்தாலும் அதை அணைக்க முயன்றார். 1906இல் மாக்ஸ் வீன், தட்டையான உலோகப் பரப்புகளுக்கிடையிலான குறுகிய இடைவெளியில் பொறி விரைவாக அணைவதைக் கண்டார். அது வானொலித் தந்தியிலும் பயன்பட்டது. அதே சிக்கனம்தான் பிற்காலத்தில் கண்ணாடிப் புட்டிகளை விலக்கி, அதிக அதிர்வெண்ணில் குறைவாகச் சூடாகும் பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கிகளைக் கொண்டுவந்தது.

திறனைக் கூட்டினால் பொறி நீளாதா? நீளும். ஆனால் ஆர்வலர்கள் கைக்கொள்ளும் அனுபவ விதிப்படி, நீளம் திறனின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது. திறனை இரட்டித்தால் ஏறக்குறைய 1.4 மடங்குதான் கிடைக்கும். சுருதி விலகிய சுருளில் அதுவும் கிடைக்காது. மின்தேக்கிதான் முதலில் உடையும். ஆகவே முதலில் எர்த்தையும், அடுத்து இடைவெளியையும் பாருங்கள். பிறகு முதன்மைச் சுருளின் இணைப்பை அரைச் சுற்று அரைச் சுற்றாக நகர்த்துங்கள். வெளிவரும் பொறியும் மின்தேக்கத்தைக் கூட்டுவதால், சரியான புள்ளி கணக்கில் வந்ததைவிடச் சற்றுக் கூடுதல் சுற்றில் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் மின்னிணைப்பைத் துண்டித்து, மின்தேக்கியின் மின்னூட்டத்தை முழுதும் இறக்கிய பிறகே கை வையுங்கள். அதில் எஞ்சியிருப்பது உயிரைப் பறிக்கப் போதுமானது.