மஞ்சள் மாத்திரையும் மூன்று பதவிகளும்

ஜப்பானியத் தளபதி முடாகுச்சியின் படைகள் பர்மாவின் சிந்த்வின் நதியைக் கடந்ததோடு சென்ற இதழில் நிறுத்தி, இவ்வாரம் இம்பால் முற்றுகைக்குள் வாசகர்களை அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தேன். ஆயினும், அம்முற்றுகையைத் தாங்கி நின்ற பிரிட்டிஷ் பதினான்காவது சேனைக்கு ஜப்பானியரினும் பொல்லாத சத்துரு ஒன்று இருந்ததையும், அதனைச் சேனையின் தளபதி ஜெனரல் ஸ்லிம் அடக்கிய விதத்தையும் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

1943-இல், காயம்பட்டுப் பின்னணிக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு சிப்பாய்க்கும் நோயினால் அனுப்பப்பட்டவர் 120 பேர்! மலேரியா மட்டுமே ஆண்டுக்குச் சேனையின் மொத்தத் தொகையில் 84 சதவிகிதம். காய்ச்சலின் உச்சத்திலேயே லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் குலுங்கிக் குலுங்கி இந்தியாவிலுள்ள ஆஸ்பத்திரியை அடைபவன், படைக்குத் திரும்ப ஐந்து மாதமேனும் ஆகும். மலேரியா மருந்தான கொயினாவுக்கு ஆதாரமான ஜாவாவின் சிங்கோனாத் தோட்டங்களோ பகைவர் வசம். எஞ்சியது மெபாக்ரின் என்னும் மஞ்சள் மாத்திரை. அது தோலை மஞ்சளாக்கும் என்பது மெய். ஆண்மையைப் போக்கும் என்பது எவனோ கிளப்பிய வதந்தி. மெய்யைச் சகித்துக்கொண்ட சிப்பாய்கள் வதந்திக்கு அஞ்சி மாத்திரையைத் தவிர்த்தனர்.

ஸ்லிம் சாமானியக் குடும்பத்தில் பிறந்து, ஆரம்பப் பள்ளி உபாத்தியாயராகவும் குமாஸ்தாவாகவும் இருந்து, கூர்க்காப் படையில் உத்தியோகஸ்தராகப் பணிபுரிந்தவர். வருமானம் போதாமல் புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதியவராதலால் அவரிடம் எனக்குச் சற்றே பட்சபாதம் உண்டு. வைத்தியர்களைக் கடிந்துகொள்வதை விட்டு, அவர் பட்டாளத் தலைவர்களைப் பிடித்தார். முன்னறிவிப்பின்றி ஒரு பட்டாளத்தைத் தேர்ந்தெடுத்து, விலக்கில்லாமல் ஒவ்வொருவனையும் பரிசோதிக்கச் செய்வார். மருந்து உட்கொண்டவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால், அன்றே தலைவரின் பதவி போகும். மூவரை நீக்கியதுமே ஏனையோருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தி சாயுமுன் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானிட வேண்டும், அரைக்கால் சட்டை கூடாது என்ற விதிகளும் அதே கண்டிப்புடன் அமலாயின. போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே மலேரியாச் சிகிச்சை நிலையங்கள் எழுந்தமையால், மாதக் கணக்கு வாரக் கணக்காயிற்று.

முடாகுச்சியும் மூவரைத்தான் நீக்கினார். மூவரும் டிவிஷன் தளபதிகள். அவர்களுள் ஸாட்டோ செய்த குற்றம், பட்டினியால் மடிந்துகொண்டிருந்த வீரர்களைக் கொஹிமாவிலிருந்து பின்வாங்கச் செய்தது! மூன்று வாரச் சோற்றைக் கட்டிக்கொடுத்து, மிச்சத்தை எதிரியின் கிடங்கில் உண்ணலாம் என்று படையை மலையேற்றியவரைச் சேனாதிபதி என்றழைக்க என் பேனா கூசுகிறது.

1945-இல் ஸ்லிமின் சேனையில் நோயுற்றவர் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர். ஏட்டில் இடம் தீர்ந்தது; முற்றுகையை அடுத்த இதழில் அவசியம் தொடங்குவேன்.