பழைய அகல்கோண வில்லைகளை எண்ணிம ஒளிப்படக்கருவிகளில் பயன்படுத்தல்

படச்சுருள் காலத்தில் உருவான, கையால் இயக்கும் அகல்கோண வில்லைகளைப் பொருத்தி எனப்படும் இடைவளையத்தின் மூலம் இன்றைய எண்ணிம ஒளிப்படக்கருவிகளில் இணைக்கலாம். குவியத்தையும் துளையளவையும் பயனரே அமைக்க வேண்டும்.

பிணைப்புத் தொலைவு

எம்42 திருகு வில்லையின் பிணைப்புத் தளம், படம் விழும் தளத்திலிருந்து 45.46 மிமீ தொலைவில் இருத்தல் வேண்டும். 2010 இல் அறிமுகமான சோனி ஈ பிணைப்பில் இத்தொலைவு 18 மிமீ ஆகும், எஞ்சிய 27.46 மிமீ இடைவெளியைப் பொருத்தி நிரப்புகிறது. நிக்கான் எஃப் பிணைப்பில் இது 46.5 மிமீ. எனவே கூடுதல் வில்லை இல்லாத பொருத்தியால் தொலைவிலுள்ள பொருள்களைத் தெளிவாகக் குவிக்க இயலாது.

உணரியின் தாக்கம்

ஏபிஎஸ்-சி அளவு உணரி படத்தின் நடுப்பகுதியை மட்டுமே பதிவதால், 24 மிமீ வில்லை ஏறத்தாழ 36 மிமீ வில்லையின் பார்வைக்கோணத்தையே தரும். அகன்ற காட்சியை முழுமையாகப் பெற 36×24 மிமீ முழுச்சட்ட உணரி தேவை.

ஆடியற்ற பழைய கருவிகளுக்கான சில அகல்கோண வில்லைகளின் பின்முனை உணரிக்கு மிக அருகில் அமையும். அப்போது ஒளி ஓரங்களில் மிகவும் சாய்வாக விழுவதால், அப்பகுதிகள் இருண்டோ நிறம் மாறியோ தோன்றலாம். ஆடிக் கருவிகளுக்கான வில்லைகள், ஆடி அசைய இடம்விட்டு வடிவமைக்கப்பட்டவை. ஆதலால் அவற்றில் இக்குறை குறைவு. 1950 இல் பிரான்சின் ஆஞ்செனியூ நிறுவனம் வெளியிட்ட 35 மிமீ ரெட்ரோஃபோகஸ் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகும்.