கண்புரை: ஊசி முதல் மல்டிஃபோகல் லென்ஸ் வரை

நமது சங்க அங்கத்தினர்களில் எழுபதைத் தாண்டியவர்கள் கூடும் இடங்களில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அடுத்தபடியாகப் பேசப்படும் விஷயம் கண்புரை. "முற்றட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார் ஒரு மாமா. "செய்துகொள்வது நிச்சயம்தான், ஆனால் மல்டிஃபோகல் லென்ஸா, சாதாரண லென்ஸா?" என்பார் இன்னொருவர். இந்த இரண்டுக்கும் விடை, இந்தச் சிகிச்சையின் சரித்திரத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அடியேன் டாக்டர் அல்ல. பௌதிகம் படித்து, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சமீபத்தில் நானும் என் மனைவியும் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டோம். அதற்கு முன் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கண்மணிக்குப் பின்னால் உள்ள இயற்கை லென்ஸ் இளமையில் ஸ்படிகம் போல் இருக்கும். வயதாக ஆக அதிலுள்ள புரதம் மாறுபட்டு மங்குகிறது. இதுதான் கண்புரை. சொட்டு மருந்தோ மாத்திரையோ அதை மீண்டும் தெளிவாக்குவதில்லை. ஆகவே அன்று முதல் இன்று வரை சஸ்திர சிகிச்சை ஒன்றே வழி.

அந்தக் காலத்து ஊசி

சுச்ருத ஸம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் இந்தச் சிகிச்சை விவரிக்கப்பட்டிருக்கிறது. கூரிய சலாகையால் கண்ணைத் துளைத்து, மங்கிய லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து விலக்கிவிடுவார்கள். லென்ஸ் வெளியே வராது. கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளப்பட்டுக் கிடக்கும். உடனே வெளிச்சமும் உருவமும் தெரியும். தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) கண் சிகிச்சையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். கண் நோயாளிகளின் குறிப்புகளும் கண்களின் வர்ணப் படங்களும் சரஸ்வதி மஹாலில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

ஆனால் தள்ளிவிட்ட லென்ஸ் பின்னால் தொல்லை கொடுக்கும். 1819-ல் தொடங்கிய சென்னை கண் ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவராக இருந்த ஆர். எச். எலியட், இந்த ஊசி முறையைப் பற்றி 1917-ல் லண்டனில் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஊரூராகச் சென்ற வைத்தியர்களின் கையால் ஊசி போட்டுக்கொண்ட பல கண்கள் சீழ் பிடித்தும் கண் அழுத்தம் ஏறியும் அடியோடு பார்வை இழந்ததை அவர் எடுத்துக் காட்டினார்.

லென்ஸைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையை பிரான்ஸ் தேசத்து ஜாக் டேவியல் 1747-ல் செய்து காட்டினார். கண்ணுக்கு மயக்க மருந்து இல்லாத காலம் அது. கார்ல் கோலர் 1884-ல் கொகேயின் சொட்டைப் பயன்படுத்திய பிறகுதான் வலியில்லாமல் கத்தி வைக்க முடிந்தது. நம் நாட்டில் ஜலந்தரில் பணிபுரிந்த ஹென்றி ஸ்மித், உறையோடு லென்ஸை முழுசாக எடுக்கும் முறையில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றார்.

"முற்றட்டும்" என்ற பேச்சு இந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தது. முற்றிய லென்ஸை முழுசாக எடுப்பது எளிது. தவிர, ஆபரேஷனுக்குப் பின் கிடைக்கும் பார்வை சுமார்தான். ஆகவே இருக்கிற பார்வை ஓரளவு உதவும் வரை காத்திருப்பதே அன்று புத்திசாலித்தனம்.

என் பாட்டிக்கு 1962-ல் ஆபரேஷன் ஆயிற்று. தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையக் கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். கண்ணுக்குள் லென்ஸ் இல்லாததால், சுமார் பத்து டயாப்டர் சக்தியுள்ள 'சோடா புட்டி' கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கால் பங்குக்கு மேல் பெரிதாகக் காட்டும். தூரமும் பக்கமும் தவறாகத் தெரியும். பாட்டி காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றுவாள். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடுதான்.

விமானக் கண்ணாடித் துண்டு

1940 ஆகஸ்டில், பிரிட்டிஷ் போர் விமானி கோர்டன் கிளீவரின் விமானத்தில் குண்டு பட்டு, விதானத்தின் பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் அவர் கண்களில் பாய்ந்தன. அவரைக் கவனித்த டாக்டர் ஹாரல்ட் ரிட்லி, அந்தப் பிளாஸ்டிக் கண்ணுக்குள் அழற்சி உண்டாக்காமல் கிடப்பதைக் கண்டார். எடுத்த லென்ஸுக்குப் பதில் ஏன் இன்னொன்று வைக்கவில்லை என்று ஒரு மருத்துவ மாணவர் கேட்ட கேள்வியும் அவரைத் தூண்டியது. 1949 நவம்பர் 29-ம் தேதி, லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார்.

அந்த லென்ஸின் சக்தி கூடிப்போய், நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. பெரிய டாக்டர்கள் பல வருஷங்கள் ரிட்லியை எதிர்த்தார்கள். அவரோ மனம் தளரவில்லை. முதுமையில் தம் கண்களிலும் அதே சிகிச்சையைச் செய்துகொண்டார். 2000-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. மறு வருஷம் காலமானார்.

அமெரிக்காவில் சார்ல்ஸ் கெல்மன், பல் டாக்டரின் அல்ட்ராசோனிக் கருவியைப் பார்த்து யோசனை தோன்றி, லென்ஸை உள்ளேயே கரைத்து உறிஞ்சும் பேக்கோ முறையை 1967-ல் செய்தார். மடித்து வைக்கும் லென்ஸும் பின்னால் வந்ததால், பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்த கீறல் இன்று இரண்டு மூன்று மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதன் சார்பில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப், லென்ஸின் விலையை ஏழைகளுக்கும் எட்டும்படி இறக்கியது.

இன்று முற்ற விடுவதால் லாபம் இல்லை. லென்ஸ் கல்லாக இறுகினால் கரைக்க அதிக சக்தி தேவை. கருவிழிக்குப் பாதிப்பு கூடும். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வரும்போதே செய்துகொள்வது நல்லது. இடைஞ்சல் இல்லையென்றால் அவசரமும் இல்லை.

எந்த லென்ஸ்?

ரிட்லியின் லென்ஸுக்கு ஒரே குவியம். தூரம் தெரிந்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும். இரு குவிய லென்ஸ் 1986-ல் முதன்முதலில் பொருத்தப்பட்டது. 1997-ல் அமெரிக்க அரசு முதல் மல்டிஃபோகல் லென்ஸை அங்கீகரித்தது. தூரம், இடைத்தூரம், பக்கம் மூன்றையும் காட்டும் டிரைஃபோகல் 2010 முதல் ஐரோப்பாவில் வந்தது.

பி.எஸ்ஸி.யில் ஃப்ரெனல் ஸோன் பிளேட் படித்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும். லென்ஸில் செதுக்கிய நுண்ணிய வளையங்கள் ஒளியைப் பல குவியங்களுக்குப் பங்கு போடுகின்றன. வருகிற ஒளி அதேதான். ஒவ்வொரு குவியத்துக்கும் கிடைப்பது ஒரு பங்கே. எனவே மங்கிய வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறையும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். 'பிரீமியம்' என்ற சொல் விலையைக் குறிக்கிறதே தவிர, தெளிவை அல்ல. கூர்மையில் ஒற்றைக் குவிய லென்ஸே முன்னால் நிற்கிறது.

எனக்கு விழித்திரை ஸ்கேனில் கோளாறு இல்லை. இரவில் கார் ஓட்டுவதில்லை. நாள் முழுதும் புஸ்தகமும் கம்ப்யூட்டரும்தான். ஆகவே டிரைஃபோகல் வைத்துக்கொண்டேன். பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன். எதிரே வரும் வண்டி விளக்கில் வளையம் தெரிகிறது. மாதங்கள் போகப் போகப் பழகிவிட்டதே தவிர, மறையவில்லை. என் மனைவிக்குப் பல வருஷங்களாக கிளாக்கோமா. அந்த நோயே தெளிவைக் குறைக்கும். அதன் மேல் ஒளியையும் பங்கு போடக் கூடாது என்றார் டாக்டர். அவளுக்கு ஒற்றைக் குவியம். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை என்னைவிட முன்னால் சொல்கிறாள். படிக்க மட்டும் கண்ணாடி.

டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள்: விழித்திரை நன்றாக இருக்கிறதா? கிளாக்கோமா உண்டா? கருவிழியில் ஆஸ்டிக்மாடிஸம் எவ்வளவு? லென்ஸ் சக்தியின் அளவீடு நம்பகமானதா? உங்களை நீங்களே ஒன்று கேளுங்கள்: இரவில் வண்டி ஓட்டுகிறேனா? சி.ஜி.எச்.எஸ். ஆனாலும் இன்ஷூரன்ஸ் ஆனாலும் லென்ஸுக்குத் தரும் தொகைக்கு வரம்பு உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும். பக்கத்து வீட்டு மாமாவின் லென்ஸ் அவர் கண்ணுக்குப் பொருந்தியது. உங்கள் கண்ணுக்கு எது என்பதை அந்த விடைகளை வைத்தே முடிவு செய்யுங்கள்.